கிரேடு 1 பிள்ளை விரல் விட்டு எண்ணுவதை நிறுத்த வேண்டுமா?

மிட்ராண்ட் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறரை வயது, கிரேடு ஒன் படிக்கிறான். இரண்டாம் டெர்ம் ரிப்போர்ட்டில் கணக்குக்கு நேரே வகுப்பாசிரியை ஒரு வரி எழுதியிருக்கிறார்: கூட்டல் கழித்தலுக்கு விரல்களையே நம்பியிருக்கிறான், வீட்டிலும் இந்தப் பழக்கத்தை நிறுத்த உதவுங்கள். வகுப்பில் மனக்கணக்கு நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களாம்.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்குக் கவலை. அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை, மறைத்து எண்ணுகிறான். நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணுகிறான். ஷூவுக்குள் கால்விரலை அசைத்து எண்ணுகிறான். அதில் கணக்கு தப்பிப்போகிறது. போன டெர்மில் 6+3 என்று கேட்டால் கையைப் பார்த்து ஒன்பது என்று சொன்ன பிள்ளை, இப்போது "தெரியாதும்மா" என்று எழுந்து போய்விடுகிறான்.

கணவர் டீச்சர் பக்கம். ஊரில் இருக்கும் என் அம்மா, "பச்சைப்பிள்ளை விரல் விட்டு எண்ணாம வேறெப்படி எண்ணும்?" என்கிறார். இங்கே ஆசிரியர்களும், பெரிய பிள்ளைகளை வளர்த்தவர்களும் இருக்கிறீர்கள். எந்த வயதுவரை விடலாம்? விரலிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது?

ஃபோர்வேஸ் அப்பா:

சகோதரி, டீச்சர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் கிரேடு ஃபோர். அவள் கிரேடு ஒன்னில் இருந்தபோது "குழந்தைதானே, எண்ணட்டும்" என்று எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கு 36+27 கேட்டால் மேசைக்கு அடியில் விரல் ஓடுகிறது. 37, 38, 39 என்று இருபத்தேழு தடவை. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து. டெஸ்டில் பாதித் தாள் காலியாக வருகிறது. அவளுக்குக் கணக்கு புரியாமல் இல்லை, நேரம் போதவில்லை.

கணக்கு தலைக்குள் நடக்க வேண்டிய வேலை. எங்கள் ஊரில் வாய்ப்பாடு ஒப்பித்த பிறகுதான் விளையாடப் போக முடியும். இரண்டாம் வகுப்பிலேயே ஒற்றை இலக்கக் கூட்டல் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆரம்பத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். வேரூன்றிய பிறகு பிடுங்குவது கஷ்டம்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:

நான் டர்பனில் ஃபவுண்டேஷன் ஃபேஸ் (கிரேடு த்ரீ வரையிலான சிறு வகுப்புகள்) பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். தமிழ், சங்கத்து வகுப்பில் கற்றது.

அம்மா, உங்கள் பிள்ளையின் விரலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன்.

"விரல் விட்டு எண்ணுகிறான்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ஆனால் அதற்குள் நாலு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. 5+3 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஒரு கையில் ஒன்று, இரண்டு என்று ஐந்து விரலையும் தனித்தனியாக நீட்டும். மறு கையில் மூன்றைத் தனித்தனியாக நீட்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து எட்டு வரை மறுபடி எண்ணும். இது முதல் படி. அடுத்த பிள்ளை ஐந்து என்றதும் முழுக் கையையும் ஒரேயடியாக விரித்துவிடும், அதை எண்ணாது. இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கையே வேண்டாம். ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு மூன்று விரலை மட்டும் நீட்டி "ஆறு, ஏழு, எட்டு" என்று சொல்லும். கடைசியாக, கையே அசையாமல் எட்டு என்று சொல்லும் பிள்ளை.

முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு ஐந்து என்பது ஏற்கெனவே எண்ணி முடித்த ஒரு தொகை. அதன்மேல் கூட்டலாம் என்று அதற்குப் புரிந்துவிட்டது. இதைப் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் தெரிந்துகொள்ள முடியும். கையைக் கட்டச் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று நமக்கே தெரியாமல் போகும். உங்கள் மகன் ஷூவுக்குள் எண்ணுகிறானே, அங்கே அவன் எந்தப் படியில் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளுக்கான கேப்ஸ் பாடத்திட்டத்தில் கிரேடு ஒன்னுக்குக் கூட்டலும் கழித்தலும் 20 வரைதான். எண்ணுபொருள், படம், எண்கோடு எல்லாம் வைத்துச் செய்யச் சொல்லியே இருக்கிறது. பாட்டில் மூடியை வைத்து எண்ணலாம், ஆனால் விரலை வைத்து எண்ணக் கூடாது என்றால் என்ன நியாயம்? மூடி வீட்டில் மறந்துபோகும், விரல் மறக்காது.

ஃபோர்வேஸ் அப்பாவின் கவலை உண்மையான கவலை. அதற்கு இரவு வந்து எழுதுகிறேன்.

லெனேசியா தாத்தா:

லெனேசியாவுக்கு வருவதற்கு முன் எங்கள் குடும்பம் ஃபோர்ட்ஸ்பர்க்கில் இருந்தது. அப்பா காய்கறி வியாபாரம். அவர் கணக்கு முழுக்கக் கையில்தான். கட்டைவிரல் நுனியால் மற்ற நாலு விரலின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு கை சுற்றி வந்தால் ஒரு டஜன். உடனே மறு கையில் ஒரு விரலை மடக்குவார். அந்தக் கை முழுக்க மடங்கினால் அறுபது. சாமான் இறக்கும்போது வாயால் பேச்சு வேறு நடக்கும், கணக்கு தப்பாது.

அவரை ஒருவரும் கணக்குத் தெரியாதவர் என்று சொன்னதில்லை. ஒன்று கவனியுங்கள் பிள்ளைகளே, அவர் அறுபதையும் ஒன்று ஒன்றாக நினைவில் வைக்கவில்லை. டஜன் டஜனாகக் கட்டி வைத்தார்.

பிரிட்டோரியா மாணவி:

தாத்தா கடைசியில் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் ஆரம்பக் கல்வியில் மேற்படிப்பு படிக்கிறேன். இந்த விஷயத்தில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் தெவெனோ குழு 2024ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரான்சில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் முந்நூறுக்கும் மேற்பட்டோர். கூட்டலுக்கு விரலைப் பயன்படுத்தாத பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சரியான விடைகள் சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காட்டுக்கு ஏறின. விரல் விடாமல் இருந்த பிள்ளைகளில் பலர் அது வேண்டாம் என்று விட்டவர்கள் இல்லை, அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றாதவர்கள் என்றுதான் இதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

அதே குழு இன்னொரு ஆய்வில் பிள்ளைகளை நாலரை வயதிலிருந்து ஏழரை வயது வரை தொடர்ந்து கவனித்தது. முடிவில் கூட்டலில் முன்னால் நின்றவர்கள், முன்பு விரலைப் பயன்படுத்திப் பிறகு தாங்களாகவே விட்டவர்கள். விரலையே தொடாத பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றார்கள். ஏழு வயதில் கையசைக்காமல் கணக்குப் போடும் பிள்ளையைப் பார்த்து "இவன் விரலே விட்டதில்லை போல" என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவன் நேற்றுவரை விரலில் எண்ணியவன்.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் நான்சி ஜார்டன் குழு 2008ல் வெளியிட்டது. கிண்டர்கார்டனில் விரல் விடும் பிள்ளைகள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். வருடம் போகப்போக அந்த உறவு மெலிந்து, இரண்டாம் வகுப்பு முடிவில் தலைகீழாகிவிட்டது.

ஃபோர்வேஸ் அப்பா:

நன்றி. இரண்டாம் வகுப்பு முடிவில் தலைகீழாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் யார் அதைத் திருப்புவது? "தாங்களாகவே விட்டுவிடுவார்கள்" என்று காத்திருந்த வீட்டில் என்ன ஆனது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் தானாக விடவில்லை. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வளராது. பள்ளியும் சரி, ஆய்வுகளும் சரி, நன்றாக வருகிற பிள்ளையைப் பற்றித்தான் பேசுகின்றன.

பிரிட்டோரியா மாணவி:

இல்லை அண்ணா, இந்த நாட்டில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எரிக் ஷோலர் 2008ல் கொடுத்த அறிக்கை இங்கே கல்வித்துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் ஐந்தாம் கிரேடுப் பிள்ளைகளில் 79.5 விழுக்காடும், ஏழாம் கிரேடில் 60.3 விழுக்காடும் ஏதோ ஒரு அளவில் ஒவ்வொன்றாக எண்ணியே கணக்குப் போடுகிறார்கள் என்று அதில் இருந்தது. பெருக்கலுக்குக்கூடத் தாளில் குச்சி குச்சியாகக் கோடு கிழித்து எண்ணுகிறார்கள். உங்கள் மகள் தனி ஆள் இல்லை. அவளிடம் குறை எதுவும் இல்லை.

சாட்ஸ்வர்த் டீச்சர்:

அந்தக் குச்சிகளைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் அந்தத் தாள்களின் நகலைப் பார்த்திருக்கிறேன். பக்கம் முழுக்கக் கோடு. அந்தப் பிள்ளைகள் பலர் விரலில்கூட எண்ணவில்லை, கோடு கிழிக்கிறார்கள். விரலை எடுத்தால் குச்சி வரும். குச்சியை எடுத்தால் தலையாட்டி எண்ணுவது வரும். உங்கள் மகளின் சிக்கல் விரல் இல்லை, ஐயா. அவளுக்கு எண் என்றால் இன்னமும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று நீளும் ஒரு வரிசை. 27 என்பது இரண்டு பத்தும் ஒரு ஏழும் என்று அவள் கையில் எடுத்துக் கூட்டுவதில்லை.

இந்த மாற்றம் தானாக நடக்காது என்று நீங்கள் சொல்வது சரி. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆனால் கற்றுக்கொடுக்கும் இடமும் அதே கைதான். கிரேடு டூவில் 99 வரை போகிறார்கள், அங்கே பத்து விரல் போதாது. அதற்குள் கையை ஐந்தாகவும் பத்தாகவும் பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

நான் கிரேடு ஆரிலிருந்தே (கிரேடு ஒன்னுக்கு முந்தைய வருடம்) செய்யும் வேலை இது. "ஏழு எண்ணு" என்று சொல்ல மாட்டேன், "ஏழு காட்டு" என்பேன். எண்ணாமல், ஒரே வீச்சில் காட்ட வேண்டும். முதலில் எல்லாரும் ஒன்று ஒன்றாகத்தான் நீட்டுவார்கள். சில வாரத்தில் ஒரு முழுக் கையும் இன்னொரு கையில் இரண்டும் பட்டென்று வரும். அப்புறம் கேட்பேன்: மடங்கியிருப்பது எத்தனை? மூன்று. ஏழுக்குப் பத்து ஆக மூன்று வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் கண்முன்னே இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நாலைந்து பொருளுக்கு மேல் போனால் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்ல பெரியவர்களாலேயே முடியாது. ஆனால் ஐந்து ஒரு கட்டாக இருந்தால் எட்டும் ஒன்பதும் பார்த்த உடனே தெரியும். கை நமக்கு அப்படி ஐந்தைந்தாகவே அமைந்திருக்கிறது.

மிட்ராண்ட் அம்மா:

டீச்சர், இப்போதே கேட்டுப் பார்த்தேன். "ஆறு காட்டு" என்றால் ஒரு கையை முழுதாக விரித்து, மறு கையில் ஒன்றை நீட்டுகிறான். எட்டு கேட்டால் ஒன்று ஒன்றாக எண்ணுகிறான். மடங்கியது எத்தனை என்று கேட்டதும் யோசிக்காமல் இரண்டு என்றான்.

இன்னொரு சந்தேகம். அவன் சுட்டுவிரலில் தொடங்குகிறான், நான் சுண்டுவிரலில் தொடங்குவேன். அதில் ஏதாவது இருக்கிறதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சித்தி:

அதில் ஒன்றும் இல்லை அக்கா. என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜூலு. அவர்கள் இடது சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரலில் ஐந்தை முடிப்பார்கள். ஆறுக்கு வலது கட்டைவிரல், ஏழுக்கு வலது சுட்டுவிரல். ஜூலு மொழியில் ஆறு, ஏழு என்ற பெயர்களே அந்த விரல்களிலிருந்து வந்தவைதான். எட்டு என்றால் இரண்டு விரலை விட்டுவிடுவது, ஒன்பது என்றால் ஒன்றை விடுவது. டீச்சர் "மடங்கியது எத்தனை" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வி அவர்களின் எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

என் மகள் இப்போது இரண்டு விதமாகவும் காட்டுவாள். தமிழ்ப் பள்ளியில் ஒரு விதம், வகுப்பில் ஒரு விதம். குழப்பமே இல்லை.

கேப்டவுன் தெரபிஸ்ட்:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யச் சிரமப்படுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். கையெழுத்து வராத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். அவர்களில் பலருக்குக் கணக்கும் சிரமமாக இருக்கும். அதனால் ஒன்று சேர்க்கிறேன்.

தன் விரல்களைத் தனித்தனியாக உணர்வது ஒரு திறன். அது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயதில் வருவதில்லை. வீட்டில் பார்க்கலாம். பிள்ளையின் கையை மேசைமேல் விரித்து வைத்து, அது பார்க்க முடியாதபடி ஒரு துணியால் மறையுங்கள். ஒரு விரலை மெல்லத் தொட்டு "எந்த விரல்?" என்று கேளுங்கள். பிறகு இரண்டு விரலைத் தொட்டுக் கேளுங்கள். ஐந்து வயதில் நடுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி மாறிப்போகும். அதில் கவலைப்பட எதுவும் இல்லை.

பெல்ஜியத்தில் மரி-பாஸ்கால் நோயல் 2005ல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்புத் தொடக்கத்தில் இந்த விரல் உணர்வு நன்றாக இருந்த பிள்ளைகள் பின்னால் எண் வேலைகளிலும் நன்றாகச் செய்தார்கள். மூளைக்குள் விரலும் எண்ணும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது வெகு காலமாகவே தெரிந்தது. வியன்னாவில் ஜோசப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் 1924ல் தன் விரல்களையே பிரித்தறிய முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். இடது மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டால் விரல் அறிதல், கணக்கு, எழுத்து, இடவலம் ஆகிய நான்கும் சேர்ந்து குழம்பலாம் என்பது அப்படித்தான் மருத்துவத்தில் இடம்பிடித்தது.

ஆனால் இதை வைத்து விரல் இல்லாவிட்டால் கணக்கே வராது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பார்வையற்ற பிள்ளைகளை வைத்து விர்ஜினி குரோலன் குழு 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்தப் பிள்ளைகள் தாங்களாக விரல் விடுவது குறைவு, ஆனாலும் எண்ணும் திறன் நன்றாகவே இருந்தது. கை ஒரு வழி, நல்ல வழி. பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, பிடித்த பிள்ளையின் கையைக் கட்டவும் கூடாது.

களிமண் பிசைவது, மணி கோப்பது, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கட்டைவிரலோடு தொடுவது எல்லாம் உதவும். தனி வகுப்பு தேவையில்லை.

டர்பன் மிருதங்கம்:

ஒவ்வொரு விரலாகத் தொடுவது என்றதும் எழுதத் தோன்றியது. சங்கீத வகுப்புக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாங்கள் முதலில் கொடுப்பது ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு அட்சரம். அதில் நாலும் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து கையில் இருக்கிறது. சில மாதத்தில் பிள்ளை எண்ணாது, கை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் தெரியும். நாலாவது எண்ணிக்கையில் இருக்கிறோமா ஏழாவதிலா என்று கேட்டால் உடனே சொல்லும்.

மேடையில் பாடும் பெரிய வித்வான்களும் தொடையில் தாளம் போட்டபடியேதான் பாடுகிறார்கள். கையை நிறுத்து என்று சபையில் ஒருவரும் சொல்வதில்லை. பிள்ளை கணக்கு நோட்டைத் திறந்தவுடன் மட்டும் ஏன் கை கூடாது என்று ஆகிறது என எனக்கு விளங்கவே இல்லை.

ஃபோர்வேஸ் அப்பா:

தாளம் வேறு, கணக்கு வேறு என்று நினைக்கிறேன். ஆனாலும் "எண்ணு" என்பதற்கும் "காட்டு" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் மகளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எண்ணாதே" என்று மட்டும் பலர் சொல்லியிருக்கிறார்கள், நான் உட்பட.

அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

பிரிட்டோரியா மாணவி:

அவளுக்குப் பிடித்தால் சேருங்கள் அண்ணா. மணிச்சட்டத்தில் மேல் மணி ஒன்றுக்கு ஐந்து, அடுத்த கம்பிக்குப் பத்து என்பதால் ஐந்தும் பத்தும் கையில் பதியும். வேகப் போட்டிக்காகப் பயிற்சி கொடுக்கும் இடமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். நேரத்துக்குப் பயப்படும் பிள்ளையை மறுபடி ஸ்டாப்வாட்ச் முன்னால் நிறுத்த வேண்டாம்.

மிட்ராண்ட் அம்மா:

வகுப்பாசிரியையிடம் எப்படிப் பேசுவது? அவர் நல்லவர்தான், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறார். சண்டை போட்டதாக ஆகிவிடக் கூடாது.

சாட்ஸ்வர்த் டீச்சர்:

ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "6+3க்குக் கை இருந்தால் விடை வருகிறது, கை இல்லாவிட்டால் நாக்கால் எண்ணித் தப்புகிறான். மொத்தமாகக் காட்டவும், பத்துக்கு எத்தனை குறைகிறது என்று பார்க்கவும் வீட்டில் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் பிடிபடும்வரை இந்த டெர்ம் கையைப் பயன்படுத்த அனுமதிப்பீர்களா?" இப்படிக் கேட்டால் எந்த ஆசிரியரும் காது கொடுப்பார். அவருக்கும் மேலிருந்து அழுத்தம் இருக்கும். கிரேடு டூ ஆசிரியர் "இன்னும் விரல் விடுகிறார்களே" என்று அவரைக் கேட்டிருப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் தொடர்ந்து எண்ணுவது. 8+5 என்றால் எட்டை வாயால் சொல்லி நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள். எட்டு உள்ளே போய்விட்டது. பிறகு ஐந்து விரலை நீட்டிக்கொண்டே ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. இங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் நான் பார்த்த தவறு ஒன்று இருக்கிறது. முதல் விரலை நீட்டும்போதே "எட்டு" என்று சொல்லிவிடுவார்கள். விடை 12 வரும். உங்கள் பிள்ளை எப்போதும் ஒன்று குறைவாகச் சொல்கிறான் என்றால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், முதல் விரலில் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். கழித்தலில் இது தலைகீழாக வரும். 13−5க்கு முதல் விரலில் பதிமூன்று என்று தொடங்கி 9 என்பார்கள்.

பெரிய எண்ணிலிருந்து தொடங்குவது அடுத்தது. 2+9 என்றால் இரண்டிலிருந்து ஒன்பது விரல் ஏறும் பிள்ளையிடம், ஒன்பதிலிருந்து இரண்டு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தானே கண்டுபிடித்தால் மறக்காது. அதனால் விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

பிறகு பத்து வழியாகப் போவது. இதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. 8+5ல் எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மூன்று மிச்சம், பத்தும் மூன்றும் பதிமூன்று. கழித்தலிலும் அப்படியே, 13லிருந்து மூன்றை எடுத்துப் பத்துக்கு வா, இன்னும் இரண்டை எடு, எட்டு. இந்த இடத்தில் விரல் மெல்லத் தானாக நிற்கும், ஏனென்றால் எண்ணுவதைவிட இது சீக்கிரம். பிள்ளைகள் சோம்பேறித்தனத்துக்காக விரலில் எண்ணுவதில்லை. அதைவிட நல்ல வழி கிடைக்காததால் எண்ணுகிறார்கள்.

லுடோ, தாயம், டோமினோ எது இருந்தாலும் விளையாடுங்கள். பகடையில் ஆறு புள்ளியை எண்ணாமல் ஆறு என்று சொல்வதும் இதே பயிற்சிதான்.

லெனேசியா தாத்தா:

பல்லாங்குழியை விட்டுவிட்டாயே அம்மா. என் பேத்தி நாலு வயதிலிருந்து ஆடுகிறாள். குழியைப் பார்த்த உடனே ஐந்தா ஆறா என்று சொல்லிவிடுவாள்.

ஃபோர்வேஸ் அப்பா:

டீச்சர், கிரேடு ஃபோர் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது? அவளைத் திரும்ப ஐந்து காட்டு, ஆறு காட்டு என்று உட்கார வைத்தால் அவமானமாக நினைப்பாள்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:

நினைப்பாள்தான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளைகளின் வேலையே கொடுங்கள். விரலால் பெருக்குவதைக் காட்டுங்கள். 7×8 வேண்டும். ஏழு ஐந்தைவிட இரண்டு அதிகம், ஒரு கையில் இரண்டு விரலை நீட்டட்டும். எட்டு மூன்று அதிகம், மறு கையில் மூன்று. நீட்டியவை மொத்தம் ஐந்து, அது ஐம்பது. மடங்கியவை மூன்றும் இரண்டும், பெருக்கினால் ஆறு. 56. ஆறிலிருந்து பத்து வரை எல்லாப் பெருக்கலுக்கும் இது வரும். கையை மறைத்தே பழகிய பிள்ளை முதல் தடவை அதை மேசைமேல் வைப்பாள்.

36+27க்கு முழு எண்ணையும் உடைக்க வேண்டாம். 36 அப்படியே இருக்கட்டும். இரண்டு பத்தை மட்டும் ஏற்றட்டும், 46, 56. மிச்சம் ஏழு. 56 அறுபதாக நாலு வேண்டும், கொடுத்துவிட்டால் மூன்று மிச்சம், 63. இருபத்தேழு தடவை எண்ணியது நாலு அடியில் முடிந்துவிடுகிறது. ஒரு வெற்றுக் கோடு வரைந்து அதில் தாவித் தாவிக் குறித்தால் அவளுக்கே கண்ணில் தெரியும்.

ஃபோர்வேஸ் அப்பா:

கோடு வரைந்து செய்தோம். 56 வரை வந்துவிட்டாள், நன்றாகவே வந்தாள். 56லிருந்து ஏழு ஏற மறுபடி விரலுக்குப் போய்விட்டாள். தனியாக 8+7 கேட்டாலும் எண்ணுகிறாள்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:

அப்படியென்றால் இடம் தெரிந்துவிட்டது. பத்து தாண்டும் இடம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. இருபதுக்கு மேல் இப்போதைக்குப் போகாதீர்கள். முதலில் இரட்டைகள்: 6+6, 7+7, 8+8, 9+9. இவை பிள்ளைகளுக்குச் சீக்கிரம் நிற்கும். நின்ற பிறகு 8+7 கேளுங்கள், "ஏழும் ஏழும் எவ்வளவு?" என்று மட்டும் தொடங்கிவைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பதினாலு என்று சொல்லிவிட்டு அவளே ஒன்றைக் கூட்டுவாள். ஒரு நாளைக்கு ஐந்து கணக்குக்கு மேல் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். அதன் பிறகு 56+7க்குப் போய், எந்த இடத்தில் கை அசைகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.